தண்ணீர் குடிக்காத பிள்ளை

டம்ளர் விழும் சத்தம்தான் முதலில் கேட்டது. சிமெண்டுத் தரையில் உருண்டு, சுவரில் முட்டி, திரும்பவும் கொஞ்சம் உருண்டு நின்றது. அதன் பிறகு ஒரு பிள்ளையின் அழுகை. ஈரமே இல்லாத அழுகை. காய்ந்த பலகையைத் தரையில் இழுப்பதுபோல இருந்தது.

மடத்துக் கொல்லையைப் பெருக்கிக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி நிமிர்ந்தாள். மடத்தை நடத்துகிற சாமி வெறுங்குடத்தோடு பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். தினமும் விடிந்ததும் ஊருணிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருவது அவர் வேலை. குடத்தைக் கதவோரம் வைத்துவிட்டு உள்ளே போனார். மங்கையும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

முன்னறையில்தான் ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. தரையில் தண்ணீர் ஓடிக் கிடந்தது. அதன் நடுவில் இருளாயி உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயசுப் பிள்ளை. பாவாடை நுனியால் தண்ணீரை ஒற்றி ஒற்றி, கீழே கிடந்த டம்ளருக்குள் பிழிந்துகொண்டிருந்தாள்.

“கொட்டிட்டியேம்மா. கொட்டிட்டியே.”

பக்கத்தில் அவளுடைய அம்மா பஞ்சவர்ணம் நின்றாள். விறகை எரித்துக் கரி சுடுகிற மூட்டத்தில் வேலை பார்க்கிறவள். விரலிடுக்கெல்லாம் கறுப்பு.

“நானா கொட்டுனேன்? நீதானடி தட்டி விட்ட?” என்றவள் சாமியைப் பார்த்ததும் உடைந்துபோனாள். “சாமி, எம்பிள்ளை தண்ணி குடிக்க மாட்டேங்குது.”

“எப்ப இருந்து?”

“முந்தாநாள்ல இருந்து இருக்கும்போல. இங்க வகுப்புக்குக் குடுத்து விடுற பாட்டில் காலியாத்தான் வீட்டுக்கு வருது. குடிச்சிருச்சுன்னு நானும் இருந்துட்டேன். ராத்திரி தொட்டா அனலாக் கொதிக்குது. ஊத்துனா பல்லைக் கடிச்சுக்கிருது. விடிஞ்சதுல இருந்து ஒண்ணுக்கும் போகலை.”

சாமி பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் கன்னத்தில் ஒரு சொட்டு இல்லை.

“பாட்டில் தண்ணியை என்ன பண்ணுன?”

பிள்ளை பாவாடை நுனியைத் திரும்பவும் பிழிந்தது.

“அதைத்தான் சாமி சொல்ல மாட்டேங்குது. டீச்சர் சொன்னாக, டீச்சர் சொன்னாகன்னு அதையே சொல்லுது.” பஞ்சவர்ணம் மங்கையின் பக்கம் திரும்பினாள். “என்னதான் சொன்னீக டீச்சரம்மா? சோறு தண்ணி இல்லாத தவசியா ஆக்கிப்புட்டீகளே எம்பிள்ளைய!”

மங்கை பிள்ளையின் பக்கம் ஓரடி வைத்தாள்.

இருளாயி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “ஊருணியில ஊத்திட்டேன்.”

மங்கையர்க்கரசி போன கார்த்திகையில் மதுரையிலிருந்து இந்த மடத்துக்கு வந்தாள். சாமிக்கு நாற்பது வயசு. அவளுக்கு அதைவிடப் பத்து கூடுதல். அதனால் சிஷ்யையாக வந்தவளை அவர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

“மௌனமா இருக்கக் கத்துக்குடுங்க சாமி” என்று கேட்டு வந்தாள்.

“ஊர்ப் பிள்ளைங்க காலையில வருவாங்க. நீங்க பாத்துக்குங்க அக்கா” என்று சொல்லிவிட்டார்.

அதில் அவளுக்கு வருத்தம்தான். ஆனால் பிள்ளைகள் பிடித்துப்போயின. மரம், பூச்சி, மண் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். மாசி பிறந்ததும் அவர்களை ஊருணிக்குக் கூட்டிப்போய், கரையோரத் தண்ணீரில் ஒரு குச்சி நட்டாள். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சிவப்பு நூல் கட்டினாள். மறுநாள் வந்து பார்த்தால் நூலுக்குக் கீழே இறங்கியிருந்தது. அடுத்த நாள் அதற்கும் கீழே.

“நான் சொல்ல மாட்டேன். நீங்களே நல்லாப் பாத்துச் சொல்லுங்க. தண்ணி என்ன ஆகுது?”

“இறங்குது டீச்சர்!”

பங்குனியில் கரைச்சேறு பாளம் பாளமாக வெடித்தது. ஒருநாள் வெடிப்புக்குள் ஒரு கெண்டைக்குஞ்சு செத்துக் கிடந்தது. அதை உள்ளங்கையில் எடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் காட்டினாள்.

“நாம வீணாக்குற ஒவ்வொரு வாய்த் தண்ணியும் இந்த மாதிரி ஒரு மீனோட மூச்சு.”

பிள்ளைகள் கப்சிப் என்று ஆகிவிட்டன. அன்றைக்கு மடத்துக்குத் திரும்பும்வரை ஒன்றும் கத்தவில்லை. ஒருவரையொருவர் தள்ளவில்லை. பாடம் உள்ளே போய்விட்டது என்று மங்கைக்குச் சந்தோஷம்.

உள்ளேதான் போயிருந்தது. இப்போது அது எதிரே உட்கார்ந்து தரையை ஒற்றிக்கொண்டிருந்தது.

மங்கை மண்டியிட்டாள்.

“இருளாயி. கண்ணு. வீணாக்கக் கூடாதுன்னுதான் டீச்சர் சொன்னேன். குடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே.”

“குடிச்சா அந்தத் தண்ணி இருக்குமா?”

“அது… இருக்காது. ஆனா நீ குடிக்கிறது ஊருணித் தண்ணியே இல்லை கண்ணு. கேன் தண்ணி. வண்டியில வருதுல்ல? ஊரே அதைத்தான் குடிக்குது. நானும் அதைத்தான் குடிக்கிறேன்.”

“கேன் தண்ணி எங்க இருந்து வருது?”

“எங்கேயோ தூரத்துல போர் போட்டு எடுக்குறாங்க.”

“அங்க மீனு இருக்கா?”

மங்கை பேச்சை மாற்றினாள்.

“இங்க பாரு. ஊருணியை வத்த வைக்கிறது வெயில். நீ இல்லை.”

“நேத்து நான் குடிக்கலை. குச்சியில தண்ணி இறங்கலை.”

“நேத்து மேகமூட்டமா இருந்துச்சு. அதனால இறங்கலை.”

“நான் பாட்டில்ல இருந்து ஊத்துனேன். அதனால இறங்கலை.”

“இல்லைம்மா, அது வந்து…”

“நீங்களே பாத்துச் சொல்லுங்கன்னு நீங்கதானே சொன்னீக? நான் பாத்தேன்.”

மங்கை சாமியைப் பார்த்தாள். அவர் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆட்டோவுக்குச் சொல்லியாச்சா?” என்று பஞ்சவர்ணத்திடம் கேட்டார்.

“எந்தம்பி சேதுராசுக்குப் போன் போட்டேன். சவாரி இறக்கிட்டு வந்துருறேன்னான். பெரியாஸ்பத்திரியில ஊசி வழியா ஏத்துவாகளாம்ல சாமி?”

“ஊசியிலயும் தண்ணி வேணாம்” என்றது பிள்ளை. “பிடுங்கிப் போட்டுருவேன்.”

சொன்ன விதத்தில் வீம்பு இல்லை. முடிவு செய்துவிட்டவள் சொல்வதுபோல இருந்தது. பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மங்கை சாமியின் காதருகே போனாள்.

“நான் சொன்னதெல்லாம் பொய்னு சொல்லிரட்டுமா சாமி? மீனெல்லாம் நல்லா இருக்குன்னு?”

“நல்லா இருக்கா?”

“இல்லை.”

“அப்பச் சொல்லாதீங்க அக்கா.”

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கி, ஒரு கிண்ணத்தில் கரண்டியோடு கொண்டுவந்தார். குடி என்று சொல்லப்போகிறார் என்று மங்கை நினைத்தாள். அவர் அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, “மாட்டுக்குத் தண்ணி காட்ட நேரமாச்சு. இருளாயி, வர்றியா?” என்றார்.

“இந்த நேரத்துலயா சாமி?” மங்கையின் குரல் உயர்ந்துவிட்டது.

“மாட்டுக்குத் தெரியாதுல்ல, இது எந்த நேரம்னு.”

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். பிள்ளை துவண்டுதான் கிடந்தது. ஆனால் மாடு என்றதும் தலையைத் தூக்கியது.

கொட்டகையில் செவலைப் பசு நின்றது. சாமி அருகிலிருந்த திண்டில் பிள்ளையை இறக்கி உட்காரவைத்தார். தொட்டியில் தண்ணீரை ஊற்றினார். பசு முகத்தை உள்ளே விட்டு உறிஞ்ச ஆரம்பித்தது.

இருளாயி பார்த்தாள். தொட்டி பாதியானது. சாமி இன்னொரு வாளி ஊற்றினார். அதுவும் இறங்கியது.

“சாமி, போதும்! அம்புட்டையும் குடிக்குது!”

“ஆமா.”

“நிறுத்தச் சொல்லுங்க!”

“நான் சொன்னாக் கேக்காது. நீ சொல்லிப் பாரு.”

“ஏ மாடு! குடிக்காத! மீனு செத்துரும்!”

பசு காதை ஒருமுறை ஆட்டிவிட்டு இன்னும் ஆழமாக முகத்தை விட்டது.

“கெட்ட மாடு” என்றாள் இருளாயி.

“கெட்டதுதான் போல.”

“நீங்களும் குடிப்பீகளா?”

“குடிப்பேனே. இப்பக்கூடக் குடிக்கணும். தாகமா இருக்கு.”

“நீங்களும் கெட்டவுக.”

“சரி.”

“அடியே, சாமியைப் போயி!” என்று பஞ்சவர்ணம் கையை ஓங்கினாள். சாமி வேண்டாம் என்று தலையசைத்தார். மங்கை கையில் கரண்டியோடு நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. பிள்ளையின் உதட்டில் ஈ உட்காருகிறது, இவர் விளையாடிக்கொண்டிருக்கிறார்.

பசு தலையைத் தூக்கியது. மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாக்கால் ஒருமுறை மூக்கை வழித்துக்கொண்டது.

“இருளாயி, இப்ப அந்தத் தண்ணி எங்க இருக்கு?”

“மாட்டு வயித்துல.”

“அங்கேயே இருக்குமா?”

பிள்ளை யோசித்தது.

“நீ எதையும் உத்துப் பாப்பியாம். டீச்சர் எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. பாத்துச் சொல்லு.”

நால்வரும் மாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மாடு அசை போட்டது. பஞ்சவர்ணம் ரோட்டுப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தாள். ஆட்டோவைக் காணோம். ஒரு காக்கை வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, குனிந்து இரண்டு வாய் குடித்துவிட்டுப் பறந்தது. இருளாயி அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டவள்போல முறைத்தாள்.

பிறகு மாடு வாலைத் தூக்கியது.

குழாய் திறந்தாற்போல விழுந்தது. கல்தரையில் நுரைத்து, கொட்டகையின் சரிவில் ஓடி, மண்வாய்க்காலில் இறங்கியது. இருளாயி திண்டிலிருந்து தானாகவே இறங்கினாள். கால் தள்ளாடியது. சாமி கையைப் பிடித்துக்கொண்டார். வாய்க்கால் கூடவே நடந்தார்கள்.

வாய்க்கால் வாழைக்குப் போனது. முதல் வாழைக்கடியில் மண் கறுத்தது. அடுத்ததற்கும் போனது. அதற்குள் எங்கிருந்தோ மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வந்துவிட்டன. ஈரமண்ணில் இறக்கையை மடக்கி வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தன.

“என்ன பண்ணுது சாமி?”

“உத்துப் பாரு.”

பிள்ளை குனிந்து பார்த்தது. பூச்சியின் வாயில் இருந்த சுருள், நூல்போல நீண்டு மண்ணைத் தொட்டது.

“குடிக்குது.”

“எதை?”

“மாட்டு ஒண்ணுக்கை.” பிள்ளையின் மூக்கு சுருங்கியது. அப்புறம், “மாட்டுத் தண்ணியை” என்றது.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வாய்க்கால் காய்ந்துவிட்டது. அந்தக் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வாழைக்கன்று. இலை ஓரம் சுருண்டு, தலை தொங்கி நின்றது.

“இதுக்கு வரலை” என்றாள் இருளாயி.

“வரலை.”

“இதுக்கு யாரு விடுவாக?”

“மாடு விடுறது இவ்வளவு தூரம் எட்டலை. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

பிள்ளை கன்றின் இலையைத் தொட்டது. தொட்ட கையை எடுக்கவில்லை. பிறகு பஞ்சவர்ணத்தின் சேலையைப் பிடித்து இழுத்தது.

“அம்மா, ஒண்ணுக்கு.”

“வந்துருச்சா ஆத்தா?” பஞ்சவர்ணம் அப்படியே அள்ளிக்கொண்டு கன்றுக்குப் பின்னால் போனாள்.

சாமி திரும்பி நின்றுகொண்டார். மங்கை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் இல்லை.

“முக்குடி கொஞ்சம்” என்றாள் பஞ்சவர்ணம்.

“வரலைம்மா.”

“கொஞ்ச நேரம் உக்காந்து பாரு.”

“வரவே மாட்டேங்குது. எரியுது.”

திரும்பி வந்தபோது பிள்ளையின் முகம் சுண்டிப்போயிருந்தது. கன்றைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தாள்.

“வரலை சாமி.”

“ஏன் வரலை?”

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மங்கை வாயைத் திறந்தாள். சாமி அவளைப் பார்த்தார். மூடிக்கொண்டாள்.

வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பிள்ளை காய்ந்த வாய்க்காலைப் பார்த்தாள். அது வந்த வழியே கண்ணை ஓட்டி வாழைகளைப் பார்த்தாள், கொட்டகையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

“நான் குடிக்கலை” என்றாள்.

கன்றின் பக்கம் திரும்பினாள்.

“நான் குடிக்கலை. அதான் இதுக்கு வரலை.”

சாமி மங்கையின் பக்கம் கையை நீட்டினார். மங்கை கிண்ணத்தைக் கொடுத்தாள். அவர் அதைப் பிள்ளையிடம் நீட்டவில்லை. தன் பக்கத்தில் மண்ணில் வைத்தார்.

“அது ஊருணித் தண்ணியா?” என்றாள் இருளாயி.

“ஆமா.”

“நான் குடிச்சா ஊருணிக்கு வராதே?”

“வராது. இங்கதான் வரும்.”

பிள்ளை கன்றைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் கணக்குப் போட்டாள்.

“ஒரு வாய்” என்றாள்.

“ஒரு வாய்.”

சாமி ஒரு கரண்டி கொடுத்தார். பிள்ளை அதை உடனே விழுங்கவில்லை. வாய்க்குள் வைத்திருந்து, கண்ணை மூடி, பிறகு விட்டது. தொண்டை அசைந்ததைப் பார்த்துப் பஞ்சவர்ணம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இது போதுமா அதுக்கு?”

“எனக்கு எப்படித் தெரியும்? கன்னுக்குத்தான் தெரியும்.”

“இன்னும் ஒரு வாய்.”

மங்கை கிண்ணத்தை வாங்கி ஊட்ட ஆரம்பித்தாள். கரண்டிமேல் கரண்டியாகப் போனது. “மெதுவா அக்கா. ஒரே மூச்சுல குடுத்தா வாந்தி வந்துரும்” என்றார் சாமி. ஒரு கரண்டி. கொஞ்சம் இடைவெளி. ஒரு கரண்டி.

அப்போதுதான் ஆட்டோ ஹாரன் கேட்டது. சேதுராசு கொல்லை வழியாகவே ஓடிவந்தான். வரும்போதே கத்தினான்.

“எங்க அவ? தூக்குக்கா! வண்டியில ஏத்து! மாட்டுக் கொட்டகையில வச்சு என்ன பண்றீக?”

“கத்தாதடா. குடிக்கிறா” என்றாள் பஞ்சவர்ணம்.

“குடிக்கிறாளா?”

“குடிக்கிறாடா.”

சேதுராசு நின்றுவிட்டான். மூச்சு வாங்கியது. பிள்ளையின் முன்னால் குந்தினான்.

“ஏ மருமகளே. ராத்திரி பூராம் எங்கக்காளை அழவச்சுட்டு இங்க வாழைத் தோப்புல விருந்தா?”

“பேசாதீக மாமா. வேலையா இருக்கேன்.”

“என்ன வேலை?”

“இதுக்குத் தண்ணி விடணும்.”

அவனுக்குப் புரியவில்லை. பஞ்சவர்ணம் காதில் சொன்னாள். அவன் கன்றைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், சாமியைப் பார்த்தான். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் மீசையைத் தடவிக்கொண்டான்.

“சாமி, ஆஸ்பத்திரிக்குப் போக வேணாமா?”

“போகணும். காமிச்சுட்டுத்தான் வரணும். வயிறு இதைத் தாங்குதான்னு பாத்துட்டுக் கிளம்புங்க. திரும்பவும் குடிக்க மாட்டேன்னாலோ, வாந்தி எடுத்தாலோ இந்த நிமிஷமே கிளம்பிரணும்.”

காத்திருந்தார்கள். கிண்ணம் காலியானது. சாமி இன்னொன்று கலந்து வந்தார். பிள்ளை அம்மா மடியில் சாய்ந்து கண் செருகினாள். ஒவ்வொரு கரண்டிக்கும் மங்கை அவள் உதட்டைத் தொடுவாள், அது கண்ணைத் திறக்காமலே வாயைத் திறக்கும். ஒருமுறை திறக்கவில்லை. மங்கை குனிந்து பார்த்தாள். தூங்கியிருந்தாள். நெற்றியில் கை வைத்தாள். ஒரு சின்ன ஈரம் கையில் பட்டது. வியர்வை.

மற்றப் பிள்ளைகள் வந்துவிட்டன. முன்னறையில் யாரும் இல்லாததால் கொல்லைக்கு ஓடிவந்து, பெரியவர்கள் வாழைக்கடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாயடைத்து நின்றன.

“டீச்சர், இன்னிக்குக் குச்சி பாக்கப் போகலையா?” என்று ஒன்று கேட்டது.

“இல்லை” என்றாள் மங்கை.

சேதுராசு எழுந்தான். “போதும் சாமி, நான் தூக்குறேன். எனக்கு மனசு கேக்கலை.”

அவன் குனிந்து கைகளைப் பிள்ளைக்கு அடியில் கொடுத்தபோது இருளாயி விழித்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். முகத்தில் ஒரு பரபரப்பு.

“அம்மா! வருது!”

“இரு, இரு, மாமா மேல போயிராத!” என்று சேதுராசு தட்டென்று கீழே விட்டான். பஞ்சவர்ணம் பிள்ளையை இழுத்துக்கொண்டு கன்றுக்குப் பின்னால் ஓடினாள். சாமி திரும்பி நின்றார். சேதுராசும் திரும்பி நின்றான். பிள்ளைகளை மங்கை கையைத் தட்டித் திருப்பினாள்.

மாடு அசை போடும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு காய்ந்த வாழைச்சருகின் மேல் அந்தச் சத்தம். முதலில் சொட்டுச் சொட்டாக. பிறகு தயங்கி நின்றது. பிறகு சடசடவென்று.

பஞ்சவர்ணம் அழுதுகொண்டே சிரித்தாள். சேதுராசு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். கல்யாணத்துக்கு மொய் வைத்தவன்போல அவன் முகம் நிறைந்திருந்தது. மங்கை அருகில் இருந்த வாழையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும்னு வாழை கத்துது மருமகளே!” என்றான் சேதுராசு.

“இன்னும் இருக்கு!” என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

வெளியே வந்ததும் இருளாயி கன்றின் அடியைக் குனிந்து பார்த்தாள். மண் கறுத்திருந்தது.

“பூச்சி வரலையே சாமி?”

“இத்தனை பேரு நிக்கிறோம்ல. வெக்கப்படுது.”

“எனக்கு வந்துருச்சு டீச்சர்!” என்று முன்னால் நின்ற பயல் ஒருவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். “எனக்கு எந்த மரம்?”

“எனக்கும்! எனக்கும்!”

“முதல்ல எல்லாரும் போய்த் தண்ணி குடிங்கடா” என்று மங்கை சொன்னாள். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே உறைத்தது.

ஆட்டோவில் ஏறும்போது இருளாயியின் கையில் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள். சாமியைக் கூப்பிட்டாள்.

“சாமி, மீனு சாகுமா?”

பஞ்சவர்ணம் பிள்ளையின் தலைக்கு மேலாகச் சாமியைப் பார்த்தாள். இல்லைன்னு சொல்லுங்க சாமி என்று அவள் கண் கெஞ்சியது.

“கொஞ்சம் சாகும்” என்றார் சாமி. “கொஞ்சத்தைக் கொக்கு தின்னும். குரவை மீன் மட்டும் சேத்துக்குள்ள புதைஞ்சு படுத்துக்கும். மழை பெய்ஞ்சதும் எந்திரிச்சு வரும்.”

“நாம தோண்டிப் பாக்கலாமா?”

“தூங்குறதை எழுப்பக் கூடாதுல்ல?”

“ம்” என்றாள் இருளாயி. இன்னொரு மிடறு குடித்தாள். மங்கையின் பக்கம் திரும்பி, பெரிய மனுஷிபோலச் சொன்னாள்: “டீச்சர், நான் வர்ற வரைக்கும் அந்தக் கன்னைப் பாத்துக்குங்க. நீங்களும் குடிங்க.”

சேதுராசு சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். “பாத்துக்குங்க டீச்சர், மருமக உத்தரவு!” புழுதி கிளம்பி அடங்கியது.

அன்று மங்கை பாடம் நடத்தவில்லை. பிள்ளைகள் கொல்லையில் இஷ்டத்துக்கு ஓடின. மாட்டைச் சுற்றி நின்றுகொண்டு அது எப்போது வாலைத் தூக்கும் என்று பந்தயம் கட்டின. தூக்கியபோது எழுந்த கூச்சல் ரோடுவரை கேட்டது.

பிள்ளைகள் போன பிறகு பஞ்சவர்ணத்திடமிருந்து போன் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டாராம். ஊசி போடவில்லையாம். காய்ச்சல் இறங்கியிருக்கிறதாம். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற வேப்பமரத்தடியிலும் ஒருமுறை ஆகிவிட்டதாம்.

மங்கை போனை வைத்துவிட்டுக் கொல்லைக்கு வந்தாள். சாமி தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

“நான் ஊருக்கே போயிரட்டுமா சாமி?”

“எதுக்கு?”

“ஒரு பிள்ளையைக் கொல்லப் பாத்தேனே.”

“அதுதான் பொழைச்சுக்கிச்சே. உங்களைக் குடிக்கச் சொல்லிட்டும் போயிருக்கு.”

அவள் சிரிக்கவில்லை.

“ஊருணி வத்துறது நெசம்தானே சாமி?”

“நெசம்.”

“நான் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே?”

“இல்லை.”

“இதைப் பிள்ளைங்ககிட்டச் சொல்லாம இருக்கலாமா?”

“எப்படி இருக்க முடியும்? அவங்க ஊருணி.”

“அப்ப என்னதான் தப்பு? வேற எப்படித்தான் ஆரம்பிக்கிறது?”

சாமி கையைத் துடைத்துக்கொண்டார். பின்வாசலுக்கு வந்தார். காலையில் வைத்த குடம் அப்படியே இருந்தது.

“அக்கா, வந்து இத்தனை மாசமாச்சு. தினமும் அங்க போறீங்க. அந்தத் தண்ணி இனிக்குமா, உவர்க்குமா?”

மங்கை வாயைத் திறந்தாள். சமையலறை மூலையில் தனக்கென்று தனியாக வாங்கி வைத்திருந்த கேன் ஞாபகத்துக்கு வந்தது. ஊருணித் தண்ணீரை அவள் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

சாமி குடத்தை எடுத்தார். அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊருணிப் பக்கம் நடந்தாள்.